தரிசு லேப்டாப்

இந்த வருடம் கோட்லின் என்கிற கணினி மொழி பிரசாந்த் வீட்டுக்குப் போய்விட்டது. ஓடைக்கரையில் இருப்பது அவர்கள் வீடுதான். நான் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

கொடைக்கானல் மலையில் வடகவுஞ்சிக்கு மேலே இருக்கும் எங்கள் ஊரில் எந்த வீடு என்ன பயிர் போடுவது என்பதை ஊர்க்கூட்டம்தான் சொல்லும். முன்பு ஒரு வருடம் எல்லோரும் சொல்லிவைத்தது போலக் கேரட் போட்டார்கள். விலை விழுந்தது. மூட்டை மூட்டையாக ரோட்டோரம் கொட்டினார்கள். காட்டுமாடுகள்கூட முகர்ந்து பார்த்துவிட்டு அலுப்போடு நகர்ந்தன. அன்றிலிருந்து பயிரைப் பிரித்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது.

மூன்று வீடுகளில் ஆப் செய்யக் கற்றுக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஊர்த் தலைவர் சோலைமுத்து பெரியப்பா ஊர்ப் பொது மந்தையில் கூட்டம் போட்டார்.

"மூணு பேரும் ஒன்னையே படிச்சா எவன் வாங்குவான்? கேரட்டு கத மறந்துபோச்சா?"

"பெரியப்பா, இது வேற. உலகம் பூரா ஒன்னத்தான் படிக்கிறாங்க" என்றான் பிரசாந்த்.

"அதான் ஒருத்தனுக்கும் வேல கெடைக்கலன்னு டிவியில அழுவுறான்."



கோட்லினுக்கு ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ வேண்டும், அது நிறைய மெமரி குடிக்கும் என்று பிரசாந்த் தெரியாமல் சொல்லிவிட்டான். குடிக்கிற பயிர் ஓடைக்கரைக்குத்தான் என்று தீர்ப்பானது. ஃப்ளட்டரில் ஒரு தடவை எழுதினால் இரண்டு வகை போனிலும் ஓடும் என்று, அதைப் படித்துக்கொண்டிருந்த மகாதேவி அக்கா விளக்கினாள். "ஊடுபயிரு மாதிரின்னு சொல்லு" என்று பெரியப்பா மகிழ்ந்து அதை அவளுக்கே கொடுத்தார். ஐபோனுக்கு எழுதும் ஸ்விஃப்ட் யாருக்கும் இல்லை. அதற்குத் தனி லேப்டாப் வேண்டும், அந்த மண் இந்தப் பக்கம் கிடையாது.

பிறகு என்னைப் பார்த்தார்.

"தமிழு, நீ இதுவரைக்கும் என்னென்ன போட்ட?"

சொன்னேன். ஜாவா, பைத்தான், கோட்லின், ஃப்ளட்டர், மறுபடி ஜாவா. ஒவ்வொன்றையும் தொடங்கிய மறுநாளே 'இதைக் கற்றால் உங்கள் வாழ்க்கை வீண்' என்று ஒரு வீடியோ வரும். நான் வேறொன்றுக்கு மாறுவேன். ஒரு வருடமாக நான் எழுதிய எல்லா ஆப்களும் ஒரே ஒரு வேலையைத்தான் செய்தன. வணக்கம் சொல்லின.

பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரே வருசத்துல இம்புட்டு மாத்தி மாத்திப் போட்டா மண்ணு என்னத்துக்கு ஆகும்? இந்த வருசம் அந்த லேப்டாப்பு தரிசா கெடக்கட்டும்."

நான் மனதுக்குள் நாள் எண்ணினேன். கொடைக்கானலில் லாட்ஜ் நடத்தும் கலைமணி மேடம் எங்களிடம் பூண்டு வாங்குகிறவர். "சீசன் ஸ்டார்ட் ஆகறதுக்குள்ள ஓடற ஆப் ஒண்ணு செஞ்சு காட்டும்மா. எதுவா இருந்தாலும் சரி. ஆபீஸ்ல வேலை தர்றேன்" என்று சொல்லியிருந்தார். சித்திரை பிறந்தால் சீசன். இப்போதே மாசி நடக்கிறது.

தரிசில் யார் வேண்டுமானாலும் ஆடு கட்டலாம் என்பதும் ஊர் வழக்கம். மறுநாள் வெள்ளனே பெரியப்பா இரண்டு ஆடுகளோடு வந்து, என் லேப்டாப் இருந்த மேசைக் காலில் கட்டிவிட்டுப் போனார். அம்மா அவற்றுக்குத் தண்ணீர் வைத்தாள். "ஊரு சொன்னதுக்கு நாம என்னடி செய்யிறது?"

ஆடுகள் மூடிய லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடைக்கரையில் பிரசாந்தின் அப்பா, மகன் எழுதும் கோட்லினைக் காட்டுப்பன்றி மேய்ந்துவிடாமல் இருக்க வேட்டுப் போட்டார். மகாதேவி அக்கா ஜன்னலில் திருஷ்டிப் பூசணி தொங்கியது. ஊரே பச்சையாக இருந்தது, என் மேசை மட்டும் புழுக்கை நாற்றத்தோடு கிடந்தது.

நான்காம் நாள் ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். எந்த மொழி நல்லது என்று ஒப்பிட்டுப் பார்க்க நேரமில்லை, எந்த நேரமும் யாராவது தழை கொண்டு வருவார்கள். எங்கள் வீட்டில் கிடைக்கும் சிக்னலுக்கு முழுதாக இறங்கியது ஒன்றுதான். அதையே எடுத்துக்கொண்டேன். யாராவது வந்தால் கறுப்பாடு கத்தும், உடனே மூடிவிடுவேன். அதற்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சிவமுருகன் அண்ணனின் ஜீப் எங்கே வருகிறது என்று சொல்லும் ஆப் அது. ஊரின் பூண்டு மூட்டையும் ஆட்களும் அந்த ஒரே ஜீப்பில்தான் இறங்க வேண்டும். அண்ணன் கிளம்பும்போது தன் போனில் ஒரு பொத்தானை அமுக்குவார், பாறை வளைவில் ஒன்று, பாலத்தில் ஒன்று. என் போனில் ஜீப் நகரும். அவ்வளவுதான். ஆனால் அது வணக்கம் சொல்லவில்லை. முதல் தடவையாக என் ஆப் ஒன்றுக்கு வேறு சோலி இருந்தது.

காட்டிக்கொடுத்தது அம்மாதான். எப்போதும் ஹாரன் கேட்டபின் தலைமுடி அவிழ ஓடுகிறவள், இப்போது என் போனைப் பார்த்துவிட்டு ஜீப் வருவதற்கு முன்பே மூட்டையோடு நிதானமாக ரோட்டில் நின்றாள்.

"ஞானம்மாவுக்கு எப்படித் தெரியுது?" என்று ஊர் கேட்டது. ஆப் விஷயம் வெளியே வந்தது, கூட்டம் கூடியது.

அன்றைக்குப் பூண்டு பார்க்கக் கலைமணி மேடமும் வந்திருந்தார். மந்தையில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். சிவமுருகன் அண்ணன் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, தனக்கு எதுவுமே தெரியாதது போல டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியப்பா குரலைத் தணித்தார். "ஏ புள்ள, போன வருசத்துக் கெழங்கு மண்ணுல கெடந்து தானா மொளைக்கிறதில்லையா? அது யாரு குத்தமும் இல்ல. புடுங்க வேண்டியதும் இல்ல. யோசிச்சுச் சொல்லு. இது தானா மொளச்சதா, நீ போட்டதா?"

"தானா மொளச்சதுன்னு சொல்லித் தொலடி" என்று அம்மா என் இடுப்பில் கிள்ளினாள்.

தானாக முளைத்தது என்றால் ஆப் பிழைக்கும். ஆனால் அதை யாரும் செய்யவில்லை என்று ஆகிவிடும். யாரும் செய்யாத ஆப்புக்காக என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள்? கலைமணி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நான்தான் போட்டேன்" என்றேன்.

மந்தை பெருமூச்சு விட்டது. பெரியப்பாவுக்கு உண்மையிலேயே வருத்தம். "அப்ப புடுங்கத்தான் வேணும்."

"இருங்க பெரியப்பா" என்றாள் மகாதேவி அக்கா. "எது பயிரு எது களைன்னு தெரியாம எப்படிப் புடுங்குறது? போனுல நூறு கெடக்கு. மொதல்ல முழுசாக் காட்டட்டும்."

இது நியாயம் என்று எல்லோருக்கும் பட்டது. நான் திண்டாடிக்கொண்டே முதல் திரையிலிருந்து காட்டினேன். பிரசாந்தின் அப்பாவுக்குத் தெரியவில்லை என்றதால் மறுபடி முதலிலிருந்து காட்டினேன். சிவமுருகன் அண்ணனைப் பாலம் வரை போய்வரச் சொன்னார்கள். ஜீப் மறைந்தது, போனில் ஜீப் நகர்ந்தது, எல்லோரும் போனையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அண்ணன் திரும்பி வந்ததும் யாரோ கை தட்டப்போய், பெரியப்பா முறைத்ததும் கையை அக்குளில் வைத்துக்கொண்டார். கலைமணி மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தாச்சு. வேரோட புடுங்கு" என்றார் பெரியப்பா.

போனில் ஆப்பின் படத்தை அழுத்திப் பிடித்தேன். நீக்கவா என்று போன் கேட்டது. நீக்கினேன். பிரசாந்த் போனை வாங்கி, வேர் ஏதும் மிச்சமிருக்கிறதா என்று தேடிப் பார்த்து, இல்லை என்று சாட்சி சொன்னான். வேர் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் என் முகத்தைப் பார்க்காமல் அப்படித்தான் சொன்னான். மண் காயட்டும் என்று லேப்டாப்பை வெயிலில் கவிழ்த்து வைத்தார்கள்.

கூட்டம் கலைந்தது. கலைமணி மேடம் எழுந்து சேலையை உதறினார்.

"திரும்ப வருமா அது?"

"எழுதினது லேப்டாப்ல அப்படியே இருக்கு மேடம்."

"அப்ப ஜீப்ல ஏறு. அம்மாகிட்ட துணி எடுத்துவைக்கச் சொல்லு, நாளைக்கு வண்டியில வரட்டும்."

கவிழ்ந்த லேப்டாப்பைக் கவிழ்ந்தபடியே மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். வளைவுகளில் இறங்கும்போது மேடம் கேட்பார் என்று காத்திருந்தேன். எந்த மொழி, ஏன் அதை எடுத்தாய், ஏன் மற்றதை எடுக்கவில்லை. ஒரு வருடமாக இதற்கான பதிலை நான் தயார் செய்து வைத்திருந்தேன். மேடம் பூண்டைப் பற்றியும், லாட்ஜுக்கு வர வேண்டிய தண்ணீர் லாரிக்காரர் போனை எடுக்காததைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார். பாலமும் தாண்டிவிட்டது.

பொறுக்க முடியாமல் நானே சொன்னேன். "மேடம், அது ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதினது."

"ஓ" என்றார். வெளியே பனி இறங்கத் தொடங்கியிருந்தது. "தண்ணி லாரிய அந்த ஆப்புல ஏத்த முடியுமா?"