அறுபத்தேழு டிகிரி

1

இந்தக் கதை என்னுடையதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அஜக்ஸிலிருந்து ரொறன்ரோ போகும் காலை ரயிலில் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் வருகிறவர் றொபேட் அண்ணை. "தம்பி, பியர் பிழைச்சுப்போச்சு" என்று ஒரு திங்கட்கிழமை தொடங்கினார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

முதலில் எழுதிய வரி: அந்தச் சனிக்கிழமை கராஜ் முழுக்கப் பாண் வேகும் வாசம் பரவி…

(விட்டுவிட்டேன். கதை வாசத்தில் தொடங்கவில்லை.)

2

றொபேட் இதுவரை ரின்னில் அடைத்து விற்கும் பாகில்தான் பியர் செய்தவர். தானியத்திலிருந்தே செய்வது இது முதல் தடவை. முளைகட்டி உலர்த்திய மோல்ட் பார்லியை உடைத்து வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். சூடு அறுபத்தேழு டிகிரியில் நிற்க வேண்டும். அப்போதுதான் புளிக்கவைக்கும் ஈஸ்ற் தின்னக்கூடிய சீனி உண்டாகும். புதுத் தெர்மோமீற்றரைக் குத்திவைத்துவிட்டுக் காவல் இருந்தார். இடையில் ஒரு போன் பேசிவிட்டு வந்தால், மனைவி கிளடிஸ் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"ஐயோ, மூடுமப்பா! சூடு போயிடும்."

"வாசமாக் கிடந்துது, பாத்தனான்."

வாளியில் ஊற்றி ஈஸ்ற் போட்டு இரண்டு வாரம் கழித்து, மிஞ்சிய சீனியை அளந்து பார்த்தார். பன்னிரண்டுக்கு இறங்க வேண்டிய அளவு இருபத்தெட்டில் நின்றது. வாளிக்குப் போர்வை சுற்றினார், புது ஈஸ்ற் போட்டார். அசையவில்லை. வாயில் வைத்தால் சர்பத் மாதிரித் தித்தித்தது.

கிளடிஸ் மூடியைத் திறந்ததுதான் காரணம் என்று முடிவுகட்டினார். அன்றைக்குத்தான் அந்த வார்த்தை வந்தது. மனைவியை வழக்கமாக மரியாதையாய் அழைக்கும் 'நீர்' கோபத்தில் 'நீ' ஆகிவிட்டது.

"நீ தொட்டது எதுதான் உருப்பட்டது?"*

* கிளடிஸ் பதினொரு வருடம் கல்யாணக் கேக் செய்து கொடுத்தவர். போன வருடம் ஓடர் குறைந்து கடையைப் பூட்டினார். அதை நினைத்துச் சொல்லவில்லை என்கிறார் றொபேட். நம்புகிறேன். ஆனால் கேட்டவருக்கு வேறு எது ஞாபகம் வந்திருக்கும்?

3

கிளடிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு…

இந்த இடத்தை அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன்.

"அவள் அழேல்லை தம்பி. அழுதிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்."

4

மறுநாள் காலை குசினி மேசையில் ஒரு கிளாஸ். ஐஸ் கட்டியும் தண்ணீரும் நிரம்பி, நடுவில் அந்தத் தெர்மோமீற்றர். கிளடிஸ் வேலைக்குப் போக சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு காட்டுது?"

றொபேட் குனிந்து பார்த்தார். "மைனஸ் ஆறு."

"பூச்சியம் காட்ட வேணும். ஆறு குறைச்சுக் காட்டுது. கேக் செய்யேக்க நான் மாசம் ஒருக்கா இப்பிடிப் பாக்கிறனான்."

"அப்ப…"

"உங்கட அறுபத்தேழு, எழுபத்துமூண்டு."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

றொபேட் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். சூடு கூடினால் ஈஸ்ற் தின்ன முடியாத சீனிதான் மிஞ்சும் என்பது அவர் படித்ததுதான். மூடியைத் திறந்தால் சூடு குறையும். அப்படியென்றால் கிளடிஸ் எட்டிப் பார்த்த அந்த ஒரு நிமிஷம்தான் அன்றைக்குத் தானியத்துக்குக் கிடைத்த ஒரே நல்ல நேரம்.

5

முடிவு அ: இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றை நீட்டி… (அந்த வீட்டில் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள்.)

முடிவு ஆ: முழுவதையும் சிங்கில் ஊற்றுகிறார். (ஊற்றவில்லை. வாளி இன்னும் பேஸ்மென்ரில் இருக்கிறது. பன்னிரண்டு நாளாக அவர்கள் பால் முடிந்ததையும் குப்பை எடுக்கும் நாளையும் மட்டும்தான் பேசிக்கொள்கிறார்கள்.)

நேற்று ரயிலில் அண்ணை குரலைத் தணித்துக் கேட்டார்: "நான் மன்னிப்புக் கேட்டதா எழுதிவிடன். உன்ர கதையெல்லாம் அவள் வாசிக்கிறவள்."

எழுதினேன். மூன்று விதமாக. மூன்றும் நன்றாகவே வந்தன. அதுதான் பிழை, மூன்றும் நான் பேசியவை. அழித்துவிட்டேன்.

மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த முடிவைத் தரும் உரிமை எனக்கில்லை.

அண்ணை, இதுக்குக் கீழ கொஞ்சம் இடம் விட்டிருக்கிறன். கிளடிஸ் அக்கா வாசிச்சு இதில வந்து நிக்கேக்க, நீங்கள் பக்கத்தில இருங்கோ.