எர்த் சங்கிலி

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். இண்டிகேட்டரைப் போட்டால் டெயில் லைட் கண்ணடிக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் காரின் பின்பக்கம் முழுவதும், கேட்டது புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டும் ஆள் மாதிரி, அரை வெளிச்சத்தில் விழிக்கும்.

முதல் தடவை தகுதிப் பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது அதிகாரி ஐந்தே நிமிடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார். இருபத்தாறு வயதுக் கார். வீட்டின் இளையவளைவிட இரண்டு வயது மூத்தது. மறுபரிசோதனை வெள்ளிக்கிழமை. அதிலும் தேறாவிட்டால் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அதாவது, அத்தான் சொன்னதை அப்பா சொன்னார்.

இளையவள் திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். ஊருக்கு வெளியே, தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடம். காலை ஆறு மணி ஷிப்ட். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. கார் இல்லையென்றால் வேலையும் இல்லை. இதை வீட்டில் ஒரு தடவை சொன்னாள். அவள் எதையும் ஒரு தடவைதான் சொல்வாள், அதுவும் யாராவது இருமும்போது.

அத்தான், அக்காவின் கணவர், பெயிண்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். கார் நிற்கும் ஷெட்டின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். டப்பாக்களை அடுக்க இடம் வேண்டும். அதற்காகக் காருக்கு அவர் எதுவுமே செய்யவில்லை என்று யாரும் வாய்கூசாமல் சொல்ல முடியாது. இரண்டு மாதம் முன்பு, டிக்கிக்குள் துரு தெரிகிறது என்று தன் கையாலேயே வெள்ளிநிறப் பெயிண்ட் அடித்தார். மூன்று கோட். கம்பெனியின் உயர்ந்த ரகம். எதையும் ஊடுருவ விடாது என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. விளக்குக் கோளாறு அதற்கு மறுநாள் தொடங்கியது என்பதை இளையவளைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

கோளாறைக் கண்டுபிடிக்கும் பொறுப்பையும் அத்தானே தலைமேல் போட்டுக்கொண்டார். முதலில் பல்புகளை மாற்றினார். அப்புறம் ஃப்யூஸ். அப்புறம் ஃப்ளாஷர். ஒவ்வொரு தடவையும், இப்போது பாருங்கள் மாமா என்பார். அப்பா பார்ப்பார். கார் பழையபடி விழிக்கும். எலி கடித்திருக்கும் என்றார். எலி கடித்த தடம் எதுவும் கிடைக்காதபோது, அது புத்திசாலி எலி என்றார். கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரு ஆட்டோ எலக்ட்ரிஷியனுக்குப் போன் போட்டார். அந்த மனுஷன் ஒரே வரியில் முடித்துவிட்டான்: "எர்த் இல்ல சார், எர்த்தைப் பாருங்க."

அன்று சாயங்காலம் அத்தான் இரும்புச் சங்கிலி ஒன்றை வாங்கி வந்தார். அதைப் பின் பம்பருக்கு அடியில் கொக்கி போட்டு மாட்டி, நுனி தரையைத் தொடுகிறதா என்று குனிந்து பார்த்தார்.

"டயர் நாலும் ரப்பர் மாமா. ரப்பர்ல கரண்ட் போகாது. அப்புறம் எர்த் எங்கேருந்து வரும்?"

அப்பாவுக்கு நியாயமாகத்தான் பட்டது. அக்காவுக்கும் பட்டது. இளையவள் பௌதிகம் படித்தவள். கதவோரம் நின்றபடி, "அத்தான், கார்ல எர்த்னா தரை இல்ல, பாடிதான்..." என்றாள்.

"யாரோட பாடி?" என்றார் அத்தான்.

அப்பா சிரித்தார். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பரீட்சை எழுதுவது வேறு, வண்டி பார்ப்பது வேறு என்று அத்தான் பெருந்தன்மையாக எடுத்துச் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் டீ போடச் சொன்னார். அவள் டீ போட்டாள்.

சங்கிலி மாட்டியும் விளக்குகளுக்குப் புத்தி வரவில்லை. இத்தனை வருஷச் சார்ஜ், இறங்க இரண்டு நாள் பிடிக்கும் என்று அத்தான் தவணை கொடுத்தார்.

வியாழக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த பிறகு, அவள் ஷெட்டுக்குப் போனாள். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து நீளமான ஒயர் ஒன்றைப் பின்னால்வரை இழுத்து, பல்பு ஹோல்டரில் தொட்டாள். இண்டிகேட்டர் முழு வெளிச்சத்தில் டக் டக்கென்று அடித்தது. ஒயரை எடுத்தாள். மங்கியது. அவ்வளவுதான் விஷயம். கரண்ட் ஒழுங்காக வருகிறது, காரின் தகரம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பிப் போகத்தான் வழியில்லை. வழி தேடிப் பக்கத்து விளக்குக்குள் புகுந்துகொள்கிறது.

இரண்டு பக்க விளக்குகளின் கறுப்பு ஒயர்களும் டிக்கிக்குள் ஒரே திருகில் முடிந்தன. அத்தான் அந்தத் திருகைக் கழற்றி, துளைக்குள்ளும் வழிய வழியப் பெயிண்ட் அடித்து, காய்ந்த பிறகு பத்திரமாகத் திரும்ப முறுக்கியிருந்தார். சுத்தமான வேலை.

அவள் தகரம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்தாள். ஒயரின் வளையத்தையும் தேய்த்துத் திருகை இறுக்கினாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அத்தான் வந்து பார்ப்பார். பார்த்தால் நாலாவது கோட் அடிப்பார்.

வெள்ளிக்கிழமை அத்தான் ஓட்ட, அப்பா முன்னால் உட்கார, அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். சங்கிலி வழியெல்லாம் கரகரவென்று ஊரைக் கூட்டியது. பரிசோதனைக் கூடத்தில் அத்தான் பிரேக்கை மிதித்தார். சுவரில் சிவப்பு பளிச்சென்று விழுந்தது. இண்டிகேட்டர் இரண்டு பக்கமும் கணக்காக அடித்தது. இரண்டு நாள் என்று சொன்னேனா இல்லையா என்று அத்தான் மாமாவைப் பார்த்தார். மாமா மருமகனை மெச்சிப் பார்த்தார்.

அதிகாரி குனிந்தார். இது என்ன என்று கேட்டார்.

"எர்த் சார்," என்றார் அத்தான்.

அதிகாரி சங்கிலியைப் பேனாவால் சுட்டிக் காட்டினார். "தரையில இழுபடுற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது. கழட்டுங்க. இல்லேன்னா ஃபெயில்னு எழுதிடுவேன்."

"கழட்டினா லைட் போயிடும் சார். அப்பவும் ஃபெயில்னுதானே எழுதுவீங்க?"

அதிகாரி பேனாவைத் திறந்தார். நம்மால் ஆனதைச் செய்தாகிவிட்டது, விடுங்கள் மாமா என்றார் அத்தான், ஷெட்டை மனதுக்குள் அளந்துகொண்டிருக்கும் குரலில்.

இளையவள் கதவைத் திறந்து இறங்கினாள். முட்டி போட்டுக் கொக்கியிலிருந்து சங்கிலியைக் கழற்றினாள். அத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"இப்ப மிதிங்க அத்தான்."

யாரும் இருமவில்லை. அவர் மிதித்தார். சுவரில் அதே சிவப்பு.

எப்படி என்று அப்பா கேட்டார். மருமகனைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் பின்னாலிருந்து வந்தது.

"டிக்கியில எர்த் திருகுக்கு அடியில அத்தான் பெயிண்ட் அடிச்சிட்டார். நேத்து சுரண்டிட்டேன்."

அதிகாரி டிக்கியைத் திறந்து எட்டிப் பார்த்தார். வெள்ளிநிறத்துக்கு நடுவே காசளவு வெறும் தகரம்.

"நல்ல பெயிண்ட்," என்று சொல்லிவிட்டு, தாளில் தேறியது என்று எழுதினார்.

அப்பா சாவியை வாங்கி அவளிடம் கொடுத்தார். அத்தான் மடியில் சங்கிலியோடு பின்சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு நாள் சங்கிலி கிடந்ததால்தான் சுரண்டியது வேலை செய்திருக்கிறது என்று தொடங்கினார். அவள் இடது பக்கம் இண்டிகேட்டரைப் போட்டாள். டக் டக் சத்தத்தில் மீதி கேட்கவில்லை.