ஒரு மணி நேரத்து அக்கா

என் அண்ணனைக் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். மீன் பாவம், அதற்கு இவனைப்போல் பொய் சொல்லத் தெரியாது.

நான்கு வருடங்களுக்கு முன் அவன் அண்ணியிடம் விவாகரத்து வாங்கிக்கொண்டு வேறு பக்கம் குடிபோனான். அண்ணி போகவில்லை. கீழே சலவைக் கடை, மேலே வீடு. இரண்டிலும் நானும் அவரும்தான். "அண்ணனே இல்லையாம், அப்புறம் எங்கேருந்து வந்தா அண்ணி?" என்று எதிர்க்கடைப் பூட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். "சாவி தொலைஞ்சா கதவையே பேத்துத் தூக்கிப் போட்டுடுவீங்களா?" என்றேன். அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்படி இருக்கையில் அண்ணன் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான் என்று தெரிந்தது. அன்றைக்கே அண்ணி ஒரு பெரிய விடுதியில் வேலை பேசிவிட்டு வந்தார். சலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தங்குவதற்கு அறையும் தருவார்களாம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"புதுசா ஒருத்தி வர்றா. நான் நகர்ந்துக்கணும். அதுதானே முறை?" என்றார்.

ஊரையே வாயால் அடக்குகிற எனக்கு, 'போகாதீங்க' என்ற ஒரு சொல் வரவில்லை. அவன் பெண்டாட்டியாக வந்தவரை நான் எந்த உரிமையில் பிடித்து வைப்பது?

ஞாயிறு காலை அண்ணன் போன் செய்தான்.

"இன்னிக்கு அவளைக் கூட்டிட்டு வர்றேன். ஒரு சின்ன விஷயம். உன் அண்ணியை நம்ம அக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"என்னது?"

"விவாகரத்து ஆனது அவளுக்குத் தெரியும். ஆனா அந்தப் பொண்டாட்டி இன்னும் என் தங்கச்சியோடதான் இருக்கான்னு எப்படிச் சொல்றது? ஒரு மணி நேரம் சமாளிங்க. அப்புறம் நானே பக்குவமா சொல்லிக்கறேன்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியே, வெக்கமா இல்ல உனக்கு?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். "சரின்னு சொல்லும்மா. ஆளைப் பார்க்கணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருக்கு."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே ஆசைதான். எப்படி இருப்பாள், எப்படிப் பேசுவாள், எல்லாவற்றுக்கும் மேலே, இவனிடம் எதைக் கண்டாள்?

அண்ணன் அவளை வாசலில் இறக்கிவிட்டு, "வண்டியை நிறுத்திட்டு வந்துடறேன்" என்று சொல்லிப் போனவன்தான். ஆளைக் காணோம். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். எங்கள் கடையிலும் ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தாள். துணியில் குத்துகிற எண் சீட்டு எதற்கு, நீராவி இஸ்திரிப் பெட்டி எவ்வளவு கனம், மைக்கறை போகுமா என்று கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். போகப்போக எனக்கு அவளைப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

அப்போது உலர்த்தும் இயந்திரம் நின்றது. படுக்கை விரிப்புகளைச் சூடு ஆறுவதற்குள் மடிக்காவிட்டால் சுருக்கம் விழுந்துவிடும். விருந்தாளி வந்தாலும் வேலை வேலைதான். ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அண்ணி பிடித்தார். நான்கு வருடப் பழக்கம் நாக்கில் வந்து நின்றது.

"அண்ணி, இன்னும் கொஞ்சம் இழுங்க!"

அவள் நிமிர்ந்தாள். "அக்காவைப் போய் அண்ணின்னு கூப்பிடறீங்க?"

"அது... செல்லமா."

"செல்லத்துக்கு அக்காவை அண்ணியாக்கின வீட்டை நான் இப்பத்தான் பார்க்கறேன்."

எனக்குக் காது சூடானது. அண்ணி விரிப்பை மடித்து முடித்து, அடுக்கில் வைத்துவிட்டு, "உட்காரும்மா" என்றார். ஒன்று விடாமல் சொன்னார். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று பார்த்தேன். கண்கள் கலங்கின, ஆனால் கத்தவில்லை.

"அவர்கிட்ட கேட்க வேண்டியதை அவர்கிட்ட கேட்டுக்கறேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? அவர் போனப்புறமும் நீங்க ஏன் இங்கேயே இருந்தீங்க?"

நான்கு வருடமாக நான் கேட்கப் பயந்த கேள்வி அது. கேட்டால் அண்ணிக்கே காரணம் இல்லை என்று தெரிந்து கிளம்பிவிடுவாரோ என்ற பயம்.

அண்ணி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். "போகத்தான் இருந்தேன். பெட்டியெல்லாம் கட்டியாச்சு. காலையில இவ ரெண்டு டீ போட்டு ஒண்ணை என் பக்கம் தள்ளினா. 'அண்ணி, முதல் ஈடு போட்டாச்சா?'ன்னு கேட்டா. நான் போய் மிஷின்ல துணியைப் போட்டேன். அவ்வளவுதான்."

"இப்ப நான் வந்தா போயிடுவீங்களா?"

அண்ணி அடுக்கிலிருந்த விரிப்பை மறுபடி நீவத் தொடங்கினார். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"போவாங்களாம்! விடுதியில அறை தர்றானாம்! அண்ணி, நீங்க அவனைத்தானே விவாகரத்து பண்ணீங்க? என்னையுமா பண்ணீங்க? கட்டினவன் மாறுவான், நான் எதுக்கு அண்ணியை மாத்தணும்? போகாதீங்க. நீங்க போயிட்டா நான் செத்துடமாட்டேன், ஆனா நல்லா இருக்கமாட்டேன்." சொல்லிவிட்டு, மடித்து வைத்த சுத்தமான விரிப்பிலேயே மூக்கைச் சிந்தி அழுதேன்.

"அடிப்பாவி, இப்பத்தானே துவைச்சேன்!" என்றார் அண்ணி. அவர் குரலும் உடைந்திருந்தது.

கண்ணாடிக் கடைக்காரி மூக்கை உறிஞ்சினாள். "கல்யாணத்துக்கு நான் இன்னும் சரின்னு சொல்லல. ஒருவேளை சொன்னா, அவர் எப்ப பொய் சொல்றாருன்னு கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஆள் வேணும். நீங்க போயிட்டா நான் யாரைக் கேக்கறது?"

மூவரும் சிரித்துவிட்டோம். அந்த நேரம் பார்த்துக் கடை போன் அடித்தது. ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். நான் ஸ்பீக்கரைத் தட்டினேன்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? நான் வரலாமா?" என்றான் அண்ணன், கிசுகிசுப்பாக.

அண்ணி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"வாடா தம்பி. அக்கா இங்கேதான் இருக்கேன். எங்கேயும் போகல."