தகுதிக்கு இரண்டு மார்க் குறைவு

சட்டக் கல்லூரியில் மாதிரி நீதிமன்றப் போட்டியின் இறுதிச் சுற்று பிற்பகல் இரண்டரை மணிக்கு. இரண்டு இருபதுக்குக் கடைசி வருடத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டன.

அவள் கழிவறைக்குள் நின்று போனைப் பார்த்தாள். ஆறு தாள்கள் தேறியிருந்தன. ஏழாவது, வரிச் சட்டம்: முப்பத்தெட்டு. தேற நாற்பது வேண்டும்.

போனைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, முகம் கழுவி, வெள்ளைக் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தாள். அக்காவிடம் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். அக்கா வரி ஆலோசகர். அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். பரீட்சை எப்படி என்று அக்கா கேட்டபோதெல்லாம், ஊதித் தள்ளிட்டேன் என்று சொல்லிவைத்தது வேறு இவள்தான்.

அரங்குக்குள் நுழைந்தபோது எதிரணி நெட்டையன் விதிப் புத்தகத்தோடு எழுந்து நின்றிருந்தான்.

"சார், விதி நாலு. வாதாடுற நேரத்துல மாணவரா இருக்கிறவங்கதான் கலந்துக்கலாம். கடைசி வருஷம் ரிசல்ட் வந்துடுச்சு. மேடம் எப்பவும் பாஸ்தானே? அப்ப இனிமே பட்டதாரி. வாழ்த்துகள்."

அரங்கு சிரித்தது. போட்டிச் செயலாளராக இருந்த பேராசிரியர் கண்ணாடியை இறக்கிவிட்டு விதியை இரண்டு முறை படித்தார்.

"அவர் சொல்றது சரிதாம்மா. அணிக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் போனா அணியே போச்சு."

அவளுடைய ஜோடி இரண்டாம் வருடப் பெண். நாலு மாதமாக இதே வழக்கோடு எழுந்து இதே வழக்கோடு படுத்தவள். "சீனியர், ஏதாவது சொல்லுங்க," என்றாள்.

சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அது மூன்றாவது வரிசைக்கும் கேட்கும்.

பழக்க தோஷத்தில் செயலாளரைப் பார்த்துக் குனிந்தாள். "கனம் கோர்ட்டார் அவர்களே..."

"நான் கோர்ட்டார் இல்லம்மா. சொல்லு."

"நான் பட்டதாரி இல்ல சார். அரியர் இருக்கு."

"ஆதாரம்?" நெட்டையன் விடுவதாக இல்லை.

போனை நீட்டினாள். செயலாளர் வாங்கி, "வரிச் சட்டம், முப்பத்தெட்டு," என்று வாசித்தார். மைக்கை அணைக்க மறந்திருந்தார்.

மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"வரிச் சட்டத்துலயாடி?" அக்கா எழுந்தே விட்டாள். "வீட்ல நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன். ஒரு வார்த்தை கேட்டியா?"

"பார்வையாளர் உட்காருங்க."

"உட்கார்றேன் சார். இப்ப இவ கலந்துக்கலாமா, கூடாதா?"

செயலாளர் நெட்டையனைப் பார்த்தார். அவன் புத்தகத்தை முன்னால் புரட்டினான், பின்னால் புரட்டினான். கடைசியில் மூடி வைத்தான். "ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கறேன் சார்."

"கலந்துக்கலாம்," என்றார் செயலாளர். "ஃபெயிலானவங்க வரக் கூடாதுன்னு இதுல எங்கயும் போடல."

கைதட்டல் கடைசி வரிசையில்தான் தொடங்கியது. அரியரின் அருமை அவர்களுக்குத் தெரியும். அரங்கு முழுவதும் பரவி அது அக்காவிடம் வந்தது. 'வீட்டுக்கு வா' என்று உதட்டை மட்டும் அசைத்துவிட்டு அக்காவும் தட்டினாள். மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

நடுவர்கள் வந்து அமர்ந்தார்கள். மணி அடித்தது. அவளுக்கான இருபது நிமிடங்கள் ஓடத் தொடங்கின. எதிரே நெட்டையன் குனிந்து பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தான்.

"கனம் கோர்ட்டார் அவர்களே," என்றாள். இந்த முறை சரியான ஆட்களிடம்.