மாட்டேன் சொல்லக் கூடாத நாள்

எங்கள் வீட்டில் ‘மாட்டேன்’ என்ற சொல்லுக்கு விலை உண்டு. எட்டு வருடக் கணக்கில் அது ஒரு சின்ன சைக்கிள், ஒரு மாடி அறை, என்னைக் கல்லூரிக்கு அனுப்ப அம்மா சேர்த்த பணம், கடைவாசலில் தொங்கிய பெரிய விளக்கு, ஒரு தையல் மெஷின், ஒரு கைக்கடிகாரம், ஒரு இரும்புப் பெட்டி, நாற்பது சுருள் லேஸ். வருடத்துக்கு ஒன்று, ஆக எட்டு. ஒரே ஆள்தான் வாங்கினார். எங்கள் பெரியப்பா.

வருடப் பிறப்பன்று எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் மறுக்கக் கூடாது. அன்று நீ எதை மறுக்கிறாயோ, வருடம் உனக்கு அதை மறுக்கும் என்று தாத்தா ஏற்படுத்தி வைத்தது. எங்களுடையது தையல் சாமான் கடை. பட்டன், ஜிப், ஹூக், நூல் எல்லாம் கிடைக்கும். அன்றைக்குச் சரக்குத் தீர்ந்துபோயிருந்தாலும் ‘வந்துக்கிட்டே இருக்கு’ என்றுதான் சொல்வோம். பன்னிரண்டு அங்குலக் கறுப்பு ஜிப், எனக்கு நினைவு தெரிந்த நாளாய், ஒவ்வொரு வருடப் பிறப்பிலும் வந்துகொண்டே இருக்கிறது. சின்ன வயதில் எனக்கும் தம்பிக்கும் அது கொண்டாட்டமான நாள். என்ன கேட்பது என்று முந்தின வாரமே பேசி வைத்துக்கொள்வோம்.

அப்பா மறுத்தது ஒரே ஒரு தடவை. ஒன்பது வருடத்துக்கு முன், பெரியப்பா தன் பேரனுக்காகத் தம்பியின் சைக்கிளைக் கேட்டார். தம்பிக்கு ஏழு வயது. சாப்பிடும்போதும் ஒரு கை அந்தச் சைக்கிளின் மேல்தான் இருக்கும். தரமாட்டேன் அண்ணே, பையன் வீட்டை ரெண்டாக்கிடுவான் என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். ஐந்து மாதம் கழித்துத் தம்பி காய்ச்சலில் போய்விட்டான். துக்கம் கேட்க வந்த பெரியப்பா அப்பாவைத் தோளோடு அணைத்துக்கொண்டு, அன்னிக்கு நீ அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது தம்பி என்றார். அடுத்த வருடப் பிறப்பன்று வந்து அதே சைக்கிளைக் கேட்டார். அப்பா அதைத் துடைத்துக் கொடுத்தார். காற்றும் அடித்துக் கொடுத்தார்.

அதற்கப்புறம் பெரியப்பா ஒரு வருடம்கூடத் தவறவில்லை. எங்கள் தெருவில் அவருக்குச் ‘சர்க்கரை’ என்று பெயர். பேச்சு அப்படி. எதைக் கேட்பதற்கும் முன்னால் அதைப் பற்றி நல்லதாய் நாலு வார்த்தை சொல்வார். அவர் எதையாவது புகழ ஆரம்பித்தால் அதை எடுத்து ஒளித்து வைக்கும் அளவுக்கு எனக்கு அனுபவம் வந்துவிட்டது. மாடி அறையை எங்கே ஒளிப்பது என்பதுதான் தெரியவில்லை.

இந்த வருடம் காலை எட்டரைக்கே வந்தார். புதுச் சட்டை, தெருமுனை வரைக்கும் வாசனை. கூடவே ஒரு தள்ளுவண்டிக்காரர், தோளில் கயிற்றோடு. பெரியப்பாவின் கையில் ஒரு ஸ்பேனர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நானும் ஒரு வியாபாரி பெற்ற பெண்தானே. அவர் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டேன்.

“பெரியப்பா, எங்க மாடி ரூம் சாவியைக் கொடுங்க. இன்னிக்கு நீங்களும் மறுக்கக் கூடாது.”

அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “கொடுத்துட்டாப் போச்சு பாப்பா. நாளைக்கு வா.”

அவ்வளவுதான். மூன்று விநாடி வேலை. மறுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. எட்டு வருடமாய் அப்பா சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை இத்தனை சுளுவா? நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தந்திரம் அப்பாவுக்கும் தெரியும். ஜிப்பு விஷயத்தில் நாள் முழுக்க அதைத்தானே செய்கிறார். அண்ணனிடம் மட்டும் செய்யவில்லை. பெரியப்பா மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே ஆள் மாறியது.

பெரியப்பா அம்மாவின் பட்டன் மெஷினைப் புகழ ஆரம்பித்தார்.

துணி போர்த்திய பட்டன் அடிக்கிற கைமெஷின் அது. வட்டமாய் வெட்டிய துணியை அச்சில் வைத்து, மேலே தகரத் தொப்பியை வைத்துக் கைப்பிடியை இழுத்தால் ஒரு பட்டன். சுற்று வட்டாரத் தையல்காரர்கள் எல்லாரும் அம்மாவிடம்தான் வருவார்கள். அம்மாவின் வலது உள்ளங்கையில் அந்தக் கைப்பிடியின் தடம் காய்த்துப்போய் இருக்கிறது. கடையில் சாமான் விற்பது அப்பா. வீட்டில் அடுப்பு எரிவது இந்த மெஷினால். பெரியப்பாவின் மருமகள் தையல் கடை வைக்கப் போகிறாளாம். இரும்பு என்றால் இதுவல்லவா இரும்பு, இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்கிறார்கள், குடும்பத்துக்குள்ளேதானே இருக்கப்போகிறது, அந்த வீடு என்ன இந்த வீடு என்ன என்றார்.

அப்பா ஸ்பேனரை வாங்கிக்கொண்டு மேஜைக்கடியில் குனிந்தார். மெஷினை மேஜையோடு பிடித்திருப்பது நாலு போல்ட். முதல் போல்ட் கழன்றது. இரண்டாவது துருப்பிடித்துக் கிடந்தது. பெரியப்பா எண்ணெய் ஊற்றச் சொன்னார். கேட்டதும் இல்லாமல் மேற்பார்வை வேறு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அம்மா கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தாள். மூன்றாவது போல்ட் தரையில் விழுந்து உருண்டது.

“தரமாட்டேன்,” என்றாள் அம்மா.

மேஜைக்கடியில் அப்பாவின் தலை இடித்த சத்தம் கேட்டது. அப்படியே வெளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். “இன்னிக்கு வேணாம். அந்த வார்த்தை மட்டும் வேணாம். ஒருத்தனைக் கொடுத்தது போதாதா?”

“அவன் வார்த்தையால போகல.” அம்மாவின் குரல் ஏறவே இல்லை. “ஆவணிக் கல்யாண சீசன். மூணு நாள் காய்ச்சல் கொதிச்சுது. கூட்டம் குறையட்டும், டாக்டர்கிட்டப் போகலாம்னு சொன்னீங்க. நானும் சரின்னு இதே இடத்துல உட்கார்ந்து பட்டன் அடிச்சேன். அது நம்ம ரெண்டு பேர் கடன். இவருக்கு எதுக்கு வட்டி கட்டறீங்க?”

அந்த மூன்று நாளை எங்கள் வீட்டில் யாரும் அதுவரை வாயால் சொன்னதில்லை. எனக்கும் தெரியும். தம்பியின் நெற்றியில் ஈரத்துணி மாற்றியது நான்தான்.

பெரியப்பாவின் சர்க்கரை முதல் தடவையாய்க் கரைந்து தீர்ந்தது. நல்ல நாளும் அதுவுமாய் இந்த வாயா, வருஷம் முழுக்க என்ன நடக்கிறது என்று பார்க்கத்தானே போகிறீர்கள் என்றார்.

“பார்க்கலாம் மாமா. இதுக்கு மேல என்கிட்ட எடுக்க வருஷத்துக்கு என்ன இருக்கு?”

வெளியே வண்டிக்காரர், சாமான் உண்டா இல்லையா, காத்திருந்ததற்குக் கூலி யார் தருவது என்று கேட்டார். பெரியப்பா கொடுத்தார். அவரிடமிருந்து பணம் வெளியே போனதை நான் கண்ணால் பார்த்த முதல் நாள் அது. அவர் விட்டுப்போன ஸ்பேனரோடு அப்பா வெகுநேரம் நின்றார். அம்மா, “முடுக்குங்க,” என்றாள். அவர் குனிந்து முடுக்கினார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கிற மனநிலையில் நான் இல்லை.

மறுநாள் அதே வண்டிக்காரரைக் கூட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். நாளைக்கு வா என்றவர் அவர்தானே. மாடி அறைச் சாவியைக் கேட்டேன். தரமாட்டேன் என்றார். நாள் கழிந்துவிட்டதால் வார்த்தை தாராளமாய் வந்தது. மற்றவற்றையும் பெயர் சொல்லி ஒவ்வொன்றாய்த் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் மாட்டேன் என்றார். எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. கடைசியில், கொல்லைப்புறம் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கிடந்த சைக்கிளை யாரையும் கேட்காமல் எடுத்து வண்டியில் ஏற்றினேன். தடுக்க வந்த பெரியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டாள்.

அம்மா அதை மெஷின் பக்கத்தில் நிறுத்தச் சொன்னாள். அப்பா இன்னும் அதைத் தொடவில்லை.

பட்டன் அட்டையின் பின்பக்கத்தில் எழுதி, கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்:

போனது எட்டு. வந்தது ஒன்று, முன் டயர் இல்லாமல். வண்டிக்கூலி என் கையிலிருந்து. பாக்கி ஏழு.