பிரிக்காத பெட்டிகள்

சாம்பரத் தீவில், கொடுத்தவர் கண்முன்னால் அன்பளிப்பைப் பிரிப்பதில்லை. அதனால் நட்பு நாடாயிற்றே என்று நாம் அனுப்பிய ஆயிரத்து இருநூறு துப்பாக்கிகளும் பெட்டிக்குள்ளேயே இருந்தன. பயிற்சி கொடுக்கப் போன சுபேதார் மாசிலாமணி அங்கே இருக்கும்வரை கொடுத்தவரும் அங்கேதானே இருக்கிறார்.

மாசிலாமணிக்கு வந்த உத்தரவோ வேறு. துப்பாக்கிகள் ஒரு தடவையாவது வெடித்தால்தான் அவர் ஊர் திரும்பலாம். இப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது. காட்பாடியிலிருந்து மனைவி செண்பகவல்லி போனில் சொன்னாள்: "நீங்க வந்தா நம்ம வீட்டு நாயே உங்களைக் கடிக்கும். ஊசிக்கு இப்பவே சொல்லி வெச்சுடறேன்."

அதற்காக அவர் பயிற்சியில் குறை வைக்கவில்லை. சிப்பாய்கள் பெட்டியைத் தோளில் தூக்கினார்கள், பெட்டியாலேயே குறி பார்த்தார்கள், ஒரே குரலில் "டுமீல்" என்றார்கள். நம் தலைநகரிலிருந்து வந்த மதிப்பீட்டுக் குழு தொண்ணூற்று நாலு மதிப்பெண் போட்டது. சிலர் "டுமீலை" இழுத்துச் சொன்னதற்கு ஆறு குறைந்தது. பாராட்டாக இன்னும் ஆயிரம் பெட்டி வந்து இறங்கியது.

வேண்டுமானால் கண்ணை மூடிக்கொள்கிறேன், ஒன்றையாவது பிரியுங்கள் என்று தளபதி ஒரோமியிடம் மாசிலாமணி கெஞ்சிப் பார்த்தார்.

"நீங்க மூடிக்கலாம் வாத்தியாரே. உங்க நாட்டுக் கண்ணை யார் மூடறது?" என்றார் தளபதி.

மறுவாரம் எதிர்த்தீவுக்காரர்கள் படையெடுத்து வந்தார்கள். சிப்பாய்கள் கற்றது பிசகாமல் வரிசையில் நின்று "டுமீல்" சொன்னார்கள். வந்தவர்கள் பொறுமையாகக் கேட்டு முடித்து, பெட்டிகளைப் பிடுங்கிப் பிரித்தார்கள். பிடுங்கியது அன்பளிப்பில் சேராது. வானத்தைப் பார்த்துச் சுட்டதில் அத்தனையும் அருமையாக வெடித்தன.

அன்று மாலையே தலைமையகத்தின் உத்தரவு வந்துவிட்டது. துப்பாக்கிகள் வெடித்துவிட்டன, பயிற்சி முழு வெற்றி, மாசிலாமணி திரும்பலாம்.

தோற்ற படையும் அவர் ஏறிய கப்பலிலேயே ஏறிக்கொண்டது. பிரிவு உபசாரமாக அவர் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்திருந்தார்கள். கொடுத்தவர்கள் கூடவே வந்ததால் அவர் அதைப் பிரிக்கவில்லை.

இப்போது காட்பாடி வீட்டு வாசலில் அவர்கள் கூடாரம் போட்டிருக்கிறார்கள். நாய் மாசிலாமணியை மட்டும் கடித்தது. செண்பகவல்லி அந்தப் பெட்டியின் மேல் வைத்துத் துணி மடிக்கிறாள்.

நேற்றுக் காலை அணிவகுப்பு நேரத்தில் பெட்டி தானாகவே "டுமீல்" என்றது. மாசிலாமணி காதைக் கொடுத்துக் கேட்டார். இழுவை இல்லை. நூற்றுக்கு நூறு போட்டார்.