ரொட்டிக்கு நாலாவது அர்த்தம்

என் வீட்டுக்காரருக்கு ரொட்டி என்றால் உயிர். திருக்கோகர்ணத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஊருக்கு இதைச் சொன்னவள் நான்தான்.

அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. ஊருக்கு அவர் சிவசாமி வாத்தியார். பக்கத்துப் புதுக்கோட்டையில் ஒரு ஹைஸ்கூலில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் பேச்சில் பாதி இங்கிலீஷ், என் பேச்சில் பாதி ஏச்சு. பதினேழு வருஷம் அப்படியே ஓடிவிட்டது. எனக்கு வாய்தான் பொல்லாதது, கைப்பக்குவத்தை யாரும் குறை சொன்னதில்லை. என் பருப்புருண்டைக் குழம்பு என்றால் பள்ளிக்கூட மணி அடித்த கையோடு ஓடி வருவார்.

பையன்களுக்காக அவர் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அன்றாடம் புழங்கும் இங்கிலீஷ் வார்த்தை ஒவ்வொன்றுக்கும் தமிழில் என்னென்ன அர்த்தம், எந்த இடத்தில் அதை எப்படிச் சொல்வது என்று. ‘ஏ’ வரிசையை முடித்துவிட்டு, ‘பி’ வரிசையில் ‘பிரெட்’ என்ற வார்த்தையில் போய் மாட்டிக்கொண்டார். நாலு நாள் அதே பக்கம்.

“ரொட்டின்னு எழுதிட்டுப் போங்களேன். இதுக்கு என்னங்க இத்தனை யோசனை?” என்றேன்.

“அவ்வளவு லேசில்ல பிரகதா. வெள்ளைக்காரனுக்கு அது நம்ம சோறு மாதிரி. சில எடத்துல பொழப்புன்னே அர்த்தம். குடும்பத்தைக் காப்பாத்துறவனை, ரொட்டியை ஜெயிச்சுட்டு வர்றவன்னு சொல்லுவான். பாதிரிமாருங்க அதையே அப்பம்னு எழுதி வச்சிருக்காங்க.”

“அப்பமா? நெய்யில சுடுறோமே, அதுவா? நல்லா எழுதினாங்க போங்க!”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் அந்த நாளில் நல்லா இருக்கிற மனுஷன் ரொட்டி தின்ன மாட்டான். காய்ச்சலில் படுத்தவனுக்கு டாக்டர் சொன்னால் வாங்குவார்கள். காகிதத்தில் சுற்றிய ரொட்டியோடு ஒருவர் தெருவில் வந்தால், எதிரே வருகிறவர் “யாருக்கு ஒடம்பு சரியில்ல?” என்றுதான் கேட்பார். எனக்கு அது நன்றாகவே தெரியும். என் அப்பா வயிற்று நோயில் மூன்று மாதம் கிடந்தார். ரொட்டியைப் பிய்த்துப் பாலில் ஊறவைத்து ஊட்டியவள் நான். அவர் போன பிறகு, “இன்னொருத்தருக்கு இப்படிப் பிச்சுப் போட என்னால ஆகாது சாமி” என்று அழுதிருக்கிறேன். இவர் பக்கத்தில்தான் நின்றார்.

1941 ஐப்பசியில் ஒரு சாயங்காலம், இவர் கக்கத்தில் ஒரு ரொட்டியோடு வந்தார்.

“யாருக்குங்க ஒடம்பு சரியில்ல?” என்று கேட்டேன். சரியான கேள்வியைத்தான் கேட்டேன். அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

ரொட்டியை மேஜைமேல் வைத்தார். பிறகு, “யாருக்கும் ஒண்ணுமில்ல. புத்தகத்துக்குத்தான். ஒரு வார்த்தையை எழுதணும்னா அதைத் தின்னு பாக்க வேணாமா?” என்றார்.

நான் நம்பினேன். இங்கிலீஷ் கிறுக்கு முற்றிவிட்டது என்று நினைத்தேன். மறுநாளும் ரொட்டி வந்தது. அதற்கடுத்த நாளும். சோற்றில் கை வைக்காமல், ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்றுவிட்டு எழுந்துவிடுவார். எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தி பொறுப்பாள்? வெந்த சோறு பானையோடு கிடக்க, புருஷன் கடைப்பண்டம் தின்கிறான் என்றால் ஆக்கிப்போட்டவளுக்கு அது செருப்படி. “தொரைக்கு நம்ம வீட்டுச் சோறு எறங்கலியோ?” என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தினேனா? தண்ணீர் எடுக்கப் போகிற இடத்தில், கோயிலில், சந்தையில் எல்லாம் சொல்லிச் சிரித்தேன். “எங்க வீட்டு தொரைக்கு ரொட்டின்னா உசிரு. என் சோறெல்லாம் மாட்டுக்குத்தான்” என்பேன். ‘ரொட்டி வாத்தியார்’ என்று அவருக்குப் பெயரே விழுந்துவிட்டது. அவர் காதிலும் அது விழுந்தது. கோபிக்கவில்லை.

மார்கழியில் ஆள் இளைத்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. அவர் தங்கை அழகி வந்திருந்தபோது, “என்ன அண்ணி, அண்ணன் இப்புடி வெளுத்துப் போச்சு?” என்று கேட்டாள்.

“வெள்ளைக்காரன் ஆகாரம் தின்னா வெளுக்காம என்ன செய்யும்?” என்றேன். அழகி சிரித்தாள். நானும் சிரித்தேன். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

பொங்கல் வந்தது. அன்றைக்கு எப்படியும் அவரைச் சோற்றில் கை வைக்க வைப்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். பருப்பை ஊறப்போட்டு, மிளகாய் தூக்கலாக வைத்து அரைத்து, உருண்டை பிடித்துக் குழம்பு வைத்தேன். இலையைப் போட்டு, “இன்னைக்கும் ரொட்டியத் தொட்டீங்க, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். என் மேல சத்தியம்” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியில் வேர்த்தது. காரத்துக்கு என்று நினைத்தேன். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. “இன்னொரு உருண்டை போடு பிரகதா. இந்த ருசி நாக்குல பட்டு மூணு மாசமாச்சு” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாத்தியாரை ஜெயித்துவிட்டேன் என்று அன்று சாயங்காலமே தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் ரத்தமாக வாந்தி எடுத்து விழுந்தார்.

திருச்சிக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வயிற்றில் புண். ஐப்பசியிலேயே இவர் தனியாக வந்து காட்டியிருக்கிறார். ஆபரேஷன் செய்ய வேண்டும், அதுவரை காரம் கூடாது, ரொட்டியும் பாலும்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பங்குனிப் பரீட்சை முடியட்டும் என்று இவர் தள்ளிப்போட்டிருக்கிறார். “ரொட்டியை ஒழுங்காகச் சாப்பிட்டாரா அம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

கட்டிலருகே போய், “ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்று அழுதேன்.

“ஒங்கப்பாவுக்கு ரொட்டியப் பிச்சுப் போட்டப்ப நீ பட்ட பாட்டப் பாத்தவன் நான். திரும்ப எப்புடிச் சொல்றது?” என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “கொழம்பு நல்லா இருந்துச்சு” என்றார்.

ஆபரேஷன் ஆகி இரண்டாம் நாள் போய்விட்டார். அந்தக் குழம்புதான் கொன்றது என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை.

பதினாறாம் நாள் படையல். போனவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைப்பது வழக்கம். அழகி புதுக்கோட்டைக் கீழராஜவீதி ரொட்டிக்கடைக்கு ஆள் அனுப்பி, முழு ரொட்டி ஒன்று வாங்கி வந்து இலை நடுவில் வைத்தாள். “எங்கண்ணனுக்கு இதுன்னா உசிருல்ல” என்று சொல்லி மாரில் அடித்துக்கொண்டாள். வந்திருந்த பெண்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் பொங்கலன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் கேட்கக் கத்திய வாய், அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

அடுத்த வாரம் அவருடைய மேஜையை ஒதுக்கினேன். அவர் புத்தகம் எழுதிய நோட்டு அதே ‘பிரெட்’ பக்கத்தில் திறந்தபடி கிடந்தது. மூன்று மாதமும் அப்படித்தான் கிடந்தது. அதைச் சுற்றித் தூசி தட்டியிருக்கிறேனே தவிர, கோபத்தில் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. தமிழ் படிக்கத் தெரியாதவளும் இல்லை. ‘பிரெட்’டுக்குக் கீழே எழுதியிருந்தார். ஒன்று, ரொட்டி. இரண்டு, பொதுவாக உணவு. மூன்று, பிழைப்பு. நாலாவதை ஐப்பசித் தேதி போட்டு வேறு மையில் எழுதியிருந்தார். ‘நம் ஊர் வழக்கில் நோயாளியின் ஆகாரம். ஒரு வீட்டுக்கு ரொட்டி வந்தால் அங்கே யாருக்கோ உடம்பு சரியில்லை என்பது சொல்லாமலே விளங்கும்.’

எனக்கு விளங்கவில்லையே, பாவி.

மறைக்க நினைத்தவர் என்றால் பள்ளிக்கூடத்திலேயே தின்றுவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்தார். என் எதிரில் உட்கார்ந்து தின்றார். நோட்டைத் திறந்து வைத்தார். வாயால் சொல்ல முடியாததை வேறு எப்படித்தான் ஒரு மனுஷன் சொல்வான்? எங்கள் தெருவில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதியை, இங்கிலீஷ் வாத்தியார் பெண்டாட்டி என்ற ஒரே காரணத்தால் நான் துரைத்தனம் என்று படித்தேன்.

முதல் வருஷத் தெவசத்துக்கு அழகி மறுபடியும் ரொட்டியோடு வந்தாள். இந்தத் தடவை மனதைத் திடப்படுத்திக்கொண்டு எல்லார் முன்னாலும் சொன்னேன்.

“அதை வைக்காத அழகி. ஒங்கண்ணனுக்கு ரொட்டி புடிக்காது. ஒரு நாளும் புடிச்சதில்ல. நோவுக்குத் தின்னாரு.”

அழகி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று அவளுக்கு நினைப்பு.

“அழுவாதீங்க அண்ணி. அண்ணனுக்கு ரொட்டின்னா உசிருன்னு ஊருக்கே தெரியுமே. நீங்கதான சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்க?” என்று சொல்லி, அதை இலை நடுவில் வைத்தாள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த வாயைத் திறந்துவிட்டவளே நான்தான். இலை ஓரத்தில் பருப்புருண்டைக் குழம்பை ஊற்றிவிட்டு நகர்ந்துகொண்டேன்.